மண்ணுளியும் இருதலையும்

கொங்குநாட்டுக் குன்னத்தூரைச் சுற்றியுள்ள தோட்டங்காடுகளில் ஒரே பாம்பு இரண்டு பெயரில் வாழ்கிறது. மண்வெட்டி பிடிக்கிறவர்கள் அதை மண்ணுளி என்பார்கள். செல்போனில் அதன் படத்தை அனுப்பி விலை கேட்கிறவர்கள் இருதலை என்பார்கள். முதல் பெயர் அந்த உயிர் எங்கே கிடக்கிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பார்த்து வந்தது. இரண்டாவது, அதன் வாலை மட்டும் பார்த்து வந்தது. இவற்றில் எது நிலைக்கும் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பாம்பு நம் புஞ்சையில் மிஞ்சுமா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

சோளத்தட்டுப் போரை அடிவரை பிரிக்கும்போது சில சமயம் இதைப் பார்க்கலாம். கடைசி அடுக்குத் தட்டை எடுத்ததும் ஈரம் கோத்த மண்ணில் இரண்டு, இரண்டரை அடி நீளத்தில் செம்பழுப்பாகக் கிடக்கும். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று உடனே பிடிபடாது. கழுத்து ஒடுங்குவதில்லை. கண் மிகச் சிறியது; மண் ஒட்டியிருந்தால் கண் இருப்பதே தெரியாது. செதில்கள் வழவழவென்று, தேய்த்துத் துடைத்த பித்தளைச் சொம்பு மாதிரி மினுங்கும். தொட்டால் சீறாது, அவசரப்பட்டு ஓடாது. உடலைச் சுருட்டித் தலையை அடியில் புதைத்துக்கொண்டு, மழுங்கிய வாலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். "அப்புச்சி, இது இருதலைதான? கோடி ரூவாய்க்குப் போகும்னு சொல்றாங்களே?" என்று பேரன் கேட்பான். "மண்ணுளி கண்ணு அது. எலிக்கு வந்துருக்குது. ஒரு தட்டால தள்ளி வேலிப் பக்கம் உடு" என்பார் பெரியவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்த ஒற்றைப் பதிலில் பாம்பின் பெயரும், இருப்பிடமும், இரையும், அதை என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கின்றன.

மண்ணுளி என்ற சொல்லை எப்படிப் பிரிப்பது? மூன்று வழி இருக்கிறது. மண், உண், இ என்று பிரித்தால் மண்ணுண்ணி. மண்ணைத் தின்பது என்று பொருள். பல ஊர்களில் அப்படியேதான் சொல்கிறார்கள், மண்ணைத் தின்றே உயிர் வாழ்கிறது என்று நம்புகிறவர்களும் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் பாம்பு, மண் நிறத்திலேயே இருக்கும் பாம்பு. அது வேறு எதையும் தின்று கண்டவர்கள் குறைவு. ஆகவே சொல் நம்பிக்கையைப் பிறப்பித்ததா, நம்பிக்கை சொல்லைத் திரித்ததா என்று கேட்டால், இரண்டாவதையே நான் சொல்வேன். மண்ணைத் தின்னும் பாம்பு கிடையாது. இது முழு ஊனுண்ணி.

இரண்டாவது வழி, மண்ணுள் என்பதோடு இகரம் சேர்ப்பது. மண்ணுக்குள் இருப்பது மண்ணுளி. தனிக் குறிலை அடுத்து வரும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது பள்ளியில் படித்த புணர்ச்சி விதி. 'உள்' தனியாக நின்று இகரம் ஏற்றால் 'உள்ளி' என்றுதான் ஆகும். மண்ணுள் என்று முதலிலேயே சேர்ந்துவிட்ட சொல்லில் ளகரம் தனிக் குறிலுக்குப் பின் நிற்கவில்லை. அதனால் இரட்டிக்காமல் மண்ணுளி ஆகிவிடும். மண்ணுள்ளிப் பாம்பு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் 'உள்' தனியாகவே ஒலிக்கிறது. மூன்றாவது வழி, மண்ணும் உளியும் சேர்ந்த மண்ணுளி. எழுத்து எதுவும் குறையாமல் விதிக்கு அப்படியே பொருந்துகிறது. தச்சருக்கு மரத்தில் உளி, பாம்புக்கு மண்ணில் உளி.

'மண்ணுள்' என்பதே மூலமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் உளியைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. காரணம் அந்தத் தலையை அருகில் பார்த்தால் தெரியும். மூக்கு நுனியில் உள்ள செதில் அகன்று, கிடைமட்டமாக ஒரு விளிம்போடு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தாடை அதற்கு அடியில் உள்வாங்கி இருப்பதால் மண்ணைக் குடைந்து போகும்போது வாய்க்குள் மண் புகுவதில்லை. மூக்குத் துளைகள் வெறும் கீற்றுகள். இளகிய மண்ணில் இந்த விளிம்பை வைத்து அழுத்தி, தலையை ஆட்டி ஆட்டி அது உள்ளே இறங்குவதைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் உளி என்றுதான் சொல்வார். சொல் பிறந்த இடத்தில் உளி இல்லாமல் இருந்திருக்கலாம்; அதைச் சொல்லிவந்தவர்களின் கண்ணில் உளி இருந்திருக்கிறது.

கடலைக்காட்டிலும் சோளக்காட்டிலும் வரப்போர எலி வளைதான் அதற்குச் சாப்பாட்டு இடம். வயல் எலி, வெள்ளெலி, சுண்டெலி எல்லாம் இரை. மற்றப் பாம்புகளையும் பிடித்துத் தின்னும். பகலில் மண்ணுக்குள், கல்லடியில், போரடியில் கிடந்துவிட்டு இரவில் வெளிவரும். துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை. கண்ணும் மூக்கும் மட்டும் மண்ணுக்கு மேல் தெரியப் படுத்திருந்து, எலி அருகில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் கடித்துச் சுருட்டிக்கொள்ளும். வளைக்குள் சுருட்ட இடம் இல்லாவிட்டால் எலியை வளைச் சுவரோடு வைத்து உடலால் அழுத்திக் கொல்லும். விஷம் கிடையாது, இருக்கும் ஆயுதம் இந்த இறுக்கம் ஒன்றுதான். முட்டையிடுவதும் இல்லை, குட்டிதான் போடும். ஒரு ஈற்றில் 14 வரை குட்டிகள் இருக்கும். குட்டிகளின் உடலில், குறிப்பாக வால் பக்கத்தில், கருப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளர மங்கிவிடும்.

இறுக்கிக் கொல்வதைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது, இரை மூச்சுத் திணறிச் சாகிறது என்பது. அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபாக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 2015இல் அதைச் சோதித்தார்கள். மயக்கமூட்டிய எலிகளின் இரத்த நாளங்களில் அளவிடும் கருவிகளைப் பொருத்தி, போவாப் பாம்பு இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். சில நொடிகளிலேயே எலியின் இரத்த அழுத்தம் பாதியாக விழுந்தது. மூச்சு முட்டுவதற்கு முன்பே இரத்த ஓட்டம் நின்று இரை நினைவிழக்கிறது. அதே குழு 2012இல் காட்டியது இன்னும் வியப்பானது: இரையின் இதயத் துடிப்பைப் பாம்பு தன் உடலால் உணர்கிறது, துடிப்பு நிற்கும்வரை இறுக்குகிறது. அந்தச் சோதனை நடந்தது தென்னமெரிக்கப் போவாவில். நம் மண்ணுளி அதற்குத் தூரத்துச் சொந்தம்; தொழில் ஒன்று.

இறுக்கும் பாம்பைப் பழந்தமிழ் நன்றாகவே அறிந்திருந்தது. மலைப்பாம்பை மாசுணம் என்றும் பாந்தள் என்றும் சொன்னது. மலைபடுகடாத்தில், மலைவழி போகும் கூத்தர்களுக்கு ஒரு எச்சரிக்கை வருகிறது: பாதையில் விழுந்து கிடக்கும் மரம் போலத் தெரிவது மாசுணமாக இருக்கும், விலகிப் போங்கள் என்று. நற்றிணையின் 261ஆம் பாட்டில் மாசுணம் ஒரு களிற்றையே பிடித்து, வைரம் பாய்ந்த மரத்தோடு சேர்த்துப் பிணித்துப் புரட்டுகிறது. யானையை மலைப்பாம்பு கொல்லாது, அது கவிதையின் பெருக்கம். ஆனால் உடலால் சுற்றி, பிணித்து, இறுக்கிக் கொல்லும் பாம்பு என்பதைக் கவிஞர் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கிறார். பல்லைப் பற்றியோ விஷத்தைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை.

யானையைக் கொல்லும் பாம்பு என்ற இந்த எண்ணம் கடல் தாண்டியும் போனதாக ஒரு வாதம் உண்டு. இன்று உலகம் முழுக்கத் தென்னமெரிக்கப் பாம்பைக் குறிக்கும் அனகோண்டா என்ற சொல், ஜான் ரே 1693இல் எழுதிய நூலில் இலங்கைப் பாம்பின் பெயராகத்தான் முதலில் வருகிறது. அதற்கு மூலம் தமிழ் 'ஆனைகொன்ற' என்பதாக இருக்கலாம் என்று ஹென்றி யூல் ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் சொன்னார். இல்லை, சிங்களத்து 'ஹெனகந்தயா' என்று டொனால்ட் ஃபெர்குசன் மறுத்தார். ஹெனகந்தயா என்பது சாட்டை போல மெலிந்த பாம்பு. ஃபெர்குசன் சொன்னதே சரி என்றால், கைவிரல் தடிமன் பாம்பின் பெயர் உலகத்தின் மிகக் கனமான பாம்பின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. பெயர் பொருளை விட்டு விலகிப் போவதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்த விலகலால் எந்தப் பாம்புக்கும் கெடுதல் வரவில்லை. மண்ணுளிக்கு நடந்தது அப்படி அல்ல.

மண்ணுளியின் அறிவியல் பெயரும் தமிழ் மண்ணில் பிறந்ததுதான். எரிக்ஸ் ஜானியை என்பது அந்தப் பெயர். ஜானியை என்ற பின்பாதி, தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியாரைக் குறிக்கிறது. அவர் 1771இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்து, 1813இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பள்ளிகள் நடத்தினார், மீன், சிப்பி, பாம்பு என்று சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். பெர்லினில் இருந்த புளோக், ஒரு மீன் பேரினத்துக்கே ஜோனியஸ் என்று அவர் பெயரைச் சூட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான பேட்ரிக் ரசல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய தன் நூலின் முதல் தொகுதியை 1796இல் வெளியிட்டார். இரண்டாம் தொகுதி 1801 முதல் பகுதி பகுதியாக வந்தது. அதில்தான் தரங்கம்பாடிப் பாம்பு ஒன்றுக்குப் போவா ஜானியை என்று பெயர் வைத்தார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இருக்கும் ரசல் இவரேதான்.

ரசல் விசாகப்பட்டினத்தில் இருந்தவர். பாம்புகளுக்கு அந்த ஊர் மக்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுத் தன் படங்களோடு அச்சிட்டார். கட்டுவிரியன் இனத்துக்கு இன்று உலகம் வழங்கும் பங்காரஸ் என்ற பேரினப் பெயர், தெலுங்கின் பங்காரு, அதாவது பொன், என்ற சொல்லிலிருந்து வந்தது. ஊர்க்காரர் வாயில் இருந்த சொல் அறிவியலுக்குள் போய்விட்டது. மண்ணுளிக்கும் அப்படி நடந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் இருந்தது. ஜானுடன் இருந்த ராட்லர் பின்னாளில் பெரிய தமிழ் அகராதியே தொகுத்தார். அத்தனை தமிழ் புழங்கிய இடத்திலிருந்து போன பாம்பு, அதைக் கொடுத்துதவிய பாதிரியாரின் பெயரோடு நின்றுவிட்டது.

போவா, எரிக்ஸ் என்ற இரண்டு சொல்லையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். போவா என்பது ரோமானியர் பிளினி எழுதிய சொல். மாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு அதை இணைத்து, பசுவின் பாலைக் குடித்து வளரும் பாம்பு என்று விளக்கினார். நம் ஊரில் சாரைப்பாம்பு பசுவின் காலைப் பின்னிக்கொண்டு பால் குடிக்கும் என்று கட்டுத்தரையில் சொல்லும் கதையேதான். பாம்பின் வாய் பால் உறிஞ்சும் அமைப்புடையது அல்ல; ஆனாலும் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இத்தாலிக்காரரும் கொங்குநாட்டுக்காரரும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். எரிக்ஸ் என்பது கிரேக்கக் கதையில் ஹெராக்ளிஸோடு மல்லுக்கட்டித் தோற்ற ஒருவன். 1803இல் விலங்கியல் அறிஞர் தோதாங் அந்தப் பெயரை மணற்பாம்புகளின் பேரினத்துக்குக் கொடுத்தார். போவாவிலிருந்து பிரிந்து ஜானியை அங்கே போய்ச் சேர்ந்தது.

இனி இருதலை. தெலுங்கில் ரெண்டு தலல பாமு, கன்னடத்தில் எரடு தலெ ஹாவு, இந்தியில் தோமுஹா, மலையாளத்தில் இருதலமூரி. தமிழில் இருதலைப் பாம்பு, இருதலை மணியன். இரண்டு பக்கமும் கோள் மூட்டுகிறவரையும் இருதலை மணியன் என்று சொல்வதுண்டு. ஆறு மாதம் ஒரு தலை, ஆறு மாதம் மறு தலை என்ற கதையை அறியாத கிராமம் இருக்காது. இந்த எண்ணம் நம் நாட்டோடு நிற்கவும் இல்லை. கிரேக்கர்களும் ரோமானியர்களும் இரு முனையிலும் தலையுள்ள பாம்பு ஒன்றைக் கற்பித்து, இருபுறமும் செல்வது என்ற பொருளில் அம்பிஸ்பீனா என்றார்கள். லின்னேயஸ் 1758இல் அந்தப் பெயரைத் தென்னமெரிக்காவின் காலில்லாத ஊர்வன ஒன்றுக்கு வைத்தார். அதுவும் மண்ணுக்குள் வாழ்வது. அதன் வாலும் மழுங்கியது. அகநானூற்றின் 12ஆம் பாட்டில் ஓருயிரும் இரு தலையுமாக ஒரு பறவை வருகிறது. இரண்டு தலை என்றால் மனிதருக்கு எங்கும் ஒரு மயக்கம் இருந்திருக்கிறது.

வால் ஏன் தலை போல இருக்கிறது? கீரியோ பருந்தோ வேறு பாம்போ தாக்கும்போது மண்ணுளி தலையைச் சுருளுக்கு அடியில் மறைத்து வாலை வெளியே நீட்டுகிறது. அடி வாலில் விழுந்தால் உயிர் தப்பலாம். வயதான மண்ணுளிகளின் வால் நுனியில் பழைய தழும்புகள் இருப்பது இதனால்தான். ஏமாற்றும் வால் என்பது பரிணாமம் அதற்குக் கொடுத்த கவசம். பாம்பாட்டிகள் சிலர் அந்த வாலில் கண்ணும் வாயும் போலக் கீறிக் காட்டிக் காசு பார்த்தார்கள். எதிரியை ஏமாற்ற அமைந்த வால் கடைசியில் மனிதரை ஏமாற்றியது. மனிதர் ஏமாந்ததன் விலையை அந்தப் பாம்பு கொடுக்கிறது.

சந்தை முளைத்ததும் இந்தச் சொல்லின் மேல்தான். இரண்டு தலை என்றாலே அதிசயம். அதிசயம் என்றால் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என்றால் விலை. வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், மருந்துக்கு வெளிநாட்டில் வாங்குகிறார்கள், இத்தனை கிலோ இருந்தால் இத்தனை கோடி என்று பேச்சு வளர்ந்துவிட்டது. வடக்கே இதே வியாபாரத்தில் அதற்கு டபுள் இன்ஜின் என்று சங்கேதப் பெயர். எந்த நோய்க்கும் இந்தப் பாம்பு மருந்தாக நிரூபிக்கப்பட்டதில்லை. கோடி கொடுத்து வாங்குகிறவர் என்று சொல்லப்படுபவர் கடைசிவரை வருவதும் இல்லை. நடுவில் நிற்கும் தரகர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறார்கள், பாம்பு சாக்குப்பையிலும் பிளாஸ்டிக் வாளியிலும் கிடந்து சாகிறது. 2016 முதல் 2021 வரை இந்தியாவில் செய்திகளில் வந்த மண்ணுளிக் கடத்தல் சம்பவங்களை டபிள்யூசிஎஸ் இந்தியா என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு தொகுத்தபோது 172 கிடைத்தன. இவை பிடிபட்டவை மட்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட நிலையில் வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

கொங்குப் பகுதியில் இப்படிப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி அவ்வப்போது வருகிறது. பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போய் வரும் இளைஞர்கள், கடன் கழுத்தை நெரிக்கும் சிறு விவசாயிகள் இந்தப் பேச்சில் மாட்டுகிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. மண்ணுளி என்று சொல்லி வளர்ந்த வீட்டில், அது எலி தின்னும் சாதாரணப் பாம்பு. இருதலை என்று செல்போனில் கேட்டவனுக்கு அது புதையல். ஒரே தோட்டத்து வரப்பில் கிடக்கும் ஒரே பாம்பு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணுளி என்ற பெயரில் நாம் இரண்டு இனங்களை அழைக்கிறோம். ஒன்று இதுவரை பேசிய வழவழப்பான செம்பழுப்புப் பாம்பு. மற்றொன்று எரிக்ஸ் கோனிகஸ். விலங்கியல் அறிஞர் ஷ்னைடர் அதற்கும் அதே 1801இல்தான் பெயர் வைத்தார். வால் கூம்பாக ஒடுங்குவதால் கோனிகஸ். அதன் செதில்கள் வால் பக்கம் சொரசொரப்பானவை, உடலில் ஒழுங்கற்ற கரும்பழுப்புத் திட்டுகள். மண்ணுளி நக்கினால் தொழுநோய் வரும் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டுகளைப் பார்த்துத்தான். தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. பாம்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மலையாளத்தில் இருதலமூரி வேறு, மண்ணூலி வேறு. திட்டுள்ள பாம்பைத்தான் மண்ணூலி என்கிறார்கள். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும், ஏனென்றால் இங்கே ஆபத்து இருக்கிறது. திட்டுள்ள மண்ணுளி பார்ப்பதற்குக் கண்ணாடி விரியன் போலவே இருக்கும். விரியன் என்று நினைத்து மண்ணுளியை அடித்துக் கொல்வது தினம் நடப்பது. மண்ணுளி என்று நினைத்து விரியனைக் கையில் எடுத்தால் எடுத்தவர் உயிர் போகும். விரியனின் தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும், முதுகில் வட்டங்கள் சங்கிலி போல வரிசையாக ஓடும், அருகில் போனால் குக்கர் விசில் போல ஓயாமல் சீறும். சந்தேகம் வந்தால் தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்வதே வழி.

குன்னத்தூரில் சோளக்காடு குறைந்து வருகிறது. வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது. கல்லும் மண்ணும் கலந்த வரப்புகளை ஜேசிபி ஒரே நாளில் சமன் செய்துவிடுகிறது. குடைந்து வாழும் பாம்புக்கு இளகிய மண் வேண்டும், எலி வளை வேண்டும், வருடக்கணக்கில் யாரும் கைவைக்காத ஓரம் வேண்டும். இவை இல்லாமல் போனால் அதைப் பிடிக்க ஆளே தேவைப்படாது. மிச்சம் இருக்கும் காடுகளில் அதைக் காப்பாற்ற உதவுவது அதைப் பார்த்ததும் நம் வாயில் வரும் பெயர். செய்தித்தாள்கள் கடத்தல் செய்தியில் 'அரிய வகை இருதலைப் பாம்பு' என்று தலைப்பிடுவதை நிறுத்தலாம். ஒவ்வொரு தலைப்பும் ஒரு விளம்பரமாகிவிடுகிறது. பாடப்புத்தகமும் வனத்துறைப் பலகையும் மண்ணுளி என்றே எழுதலாம். இரண்டு இனத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் திட்டுள்ளதைப் புள்ளி மண்ணுளி என்றும், வழவழப்பானதைச் செம்மண்ணுளி என்றும் சொல்லிப் பார்க்கலாம். சிவந்த மண்ணுளி என்று பிரித்தாலும் சரி, செம்மண்ணில் இறங்கும் உளி என்று பிரித்தாலும் சரி, குன்னத்தூர்த் தோட்டத்துப் பாம்புக்கு இரண்டும் பொருந்தும்.